டெஸ்லாவின் இருப்புக் கணக்கைப் படிப்பது எப்படி?

2024 ஏப்ரல் 2 அன்று டெஸ்லா வெளியிட்ட காலாண்டு அறிக்கையில் இரண்டு எண்கள் இருந்தன. தயாரித்தது 4,33,371 கார்கள், டெலிவரி கொடுத்தது 3,86,810. நடுவில் 46,561 கார்கள் நின்றன. "வாங்க ஆளில்லை" என்றது ஒரு கூட்டம். "கப்பலில் வருகிறது, அடுத்த காலாண்டில் சரியாகிவிடும்" என்றது இன்னொன்று. அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு இரு தரப்பாலும் எதையும் நிரூபித்திருக்க முடியாது. மேலும் நான்கைந்து எண்கள் வேண்டும். எல்லாமே இலவசமாகக் கிடைப்பவைதான். எங்கே எடுப்பது, எப்படிக் கணக்கிடுவது, எங்கே சறுக்கும் என்பதைப் பார்ப்போம்.

எந்தத் தாள், எந்தத் தேதி

டெஸ்லாவின் காலாண்டும் காலண்டர் காலாண்டும் ஒன்றே. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் சில நாட்களில் (பெரும்பாலும் 2-ஆம் தேதி) தயாரிப்பு, டெலிவரி எண்கள் வரும். மாடல் 3, மாடல் ஒய் இரண்டும் ஒரே வரியில் இருக்கும். எஸ், எக்ஸ், சைபர்டிரக் போன்றவை 'மற்ற மாடல்கள்' என்ற வரியில் அடக்கம். எந்த நாட்டில் எத்தனை போனது என்ற விவரம் இருக்காது.

சுமார் மூன்று வாரம் கழித்துக் காலாண்டு முடிவுகளோடு ஒரு விளக்கத் தொகுப்பு வரும். நமக்கு வேண்டிய முக்கியமான எண் அதன் முன்பக்கங்களில் உள்ள செயல்பாட்டு அட்டவணையில் இருக்கிறது: உலக அளவில் எத்தனை நாள் விற்பனைக்கான கார் இருப்பில் உள்ளது என்பது. அதையொட்டி அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தில் தாக்கலாகும் 10-கியூ என்ற காலாண்டு நிதி அறிக்கையில் (ஆண்டு முடிவில் 10-கே) இருப்பின் டாலர் மதிப்பு கிடைக்கும். இந்த மூன்றையும் தனித்தனியாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே எக்செல் தாளில் காலாண்டுக்கு ஒரு வரி என்று எட்டு காலாண்டாவது போட்டுவையுங்கள்.

அறிக்கைகளில் டாலர் எல்லாம் மில்லியனில் இருக்கும். பத்தால் வகுத்தால் கோடி.

நாட்களைக் கார்களாக மாற்றுவது

இருப்பு நாட்களைக் கணக்கிடும் முறையை டெஸ்லாவே அடிக்குறிப்பில் சொல்கிறது. காலாண்டு இறுதியில் கையில் உள்ள புதிய கார்களை அந்தக் காலாண்டின் டெலிவரியால் வகுத்து 75-ஆல் பெருக்குகிறார்கள். காலாண்டுக்கு 75 விற்பனை நாள் என்பது அமெரிக்க வாகனத் துறை வழக்கம். ஆக, தலைகீழாகப் போட்டால்:

இருப்பு = நாட்கள் × டெலிவரி ÷ 75

2023 கடைசிக் காலாண்டில் 15 நாள், டெலிவரி 4,84,507. இருப்பு சுமார் 96,900 கார்கள். 2024 முதல் காலாண்டில் 28 நாள், டெலிவரி 3,86,810. இருப்பு சுமார் 1,44,400. மூன்று மாதத்தில் ஏறியது ஏறத்தாழ 47,500. தயாரிப்பிலிருந்து டெலிவரியைக் கழித்தால் கிடைத்த 46,561-உடன் இது கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. இப்படி இரண்டு வழியில் போட்டுச் சரிபார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், இணையத்தில் உலவும் பாதி ஊகங்களை அரை நிமிடத்தில் ஒதுக்கிவிடலாம்.

இங்கே பலரும் செய்யும் தவறு 75-க்குப் பதில் 90 போடுவது. அப்படிப் போட்டால் 2024 மார்ச் இருப்பு 1,20,300 என்று வரும், 24,000 கார்கள் காணாமல் போகும்.

நாட்கள் முழு எண்ணாகவே தரப்படுவதால் அரை நாள் இப்படியோ அப்படியோ இருக்கலாம். அந்தக் காலாண்டில் ஒரு நாள் என்பது 5,157 கார்கள், அதாவது சுமார் 2,600 கார்கள் வரை பிசகும். இரண்டு காலாண்டுகளை ஒப்பிடும்போது இரு பக்கப் பிசகும் சேரும். ஐயாயிரம் கார் வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு 'கணக்கில் மர்மம்' என்று எழுதுபவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். தயாரான கார்கள் எல்லாமே விற்பனை இருப்புக்கு வருவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். ஷோரூம் சோதனை ஓட்டத்துக்கும், சர்வீஸுக்கு வண்டி விட்டவர்களுக்குத் தற்காலிகமாகக் கொடுப்பதற்கும், நிறுவனத்தின் சொந்த உபயோகத்துக்கும் கொஞ்சம் ஒதுங்கும்.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. வகுக்கும் எண் அந்தந்தக் காலாண்டின் டெலிவரி என்பதால், இருப்பில் ஒரு கார்கூட ஏறாமலே நாட்கள் ஏறலாம். 2024 டிசம்பரில் 12 நாள், 2025 மார்ச்சில் 22 நாள். பார்த்தவுடன் இருப்பு இரட்டிப்பாகப் போகிறது என்றுதான் தோன்றும். 2024 டிசம்பர் இருப்பு சுமார் 79,300. அதே 79,300 கார்களை 2025 முதல் காலாண்டின் டெலிவரியான 3,36,681-ஆல் வகுத்து 75-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 17.7 நாள். அதாவது ஏறிய பத்து நாளில் ஏறக்குறைய ஆறு நாள், டெலிவரி குறைந்ததால் மட்டுமே ஏறியது. நிஜமாக இருப்பு ஏறியது கால் பங்குதான், 98,800 வரை. எனவே நாட்களை மட்டும் வரைபடமாகப் போடாதீர்கள். பக்கத்திலேயே கார் எண்ணிக்கைக்கும் ஒரு கோடு இருக்கட்டும்.

இடைவெளி எதனால் வந்தது

தயாரிப்பு டெலிவரியைவிடக் கூடுதலாக இருந்தால் காரணம் மூன்றில் ஒன்று, அல்லது மூன்றின் கலவை: கார் வழியில் இருக்கிறது, ஆலை வேகமெடுக்கிறது, வாங்க ஆளில்லை.

வழியில் இருப்பதைப் புரிந்துகொள்ள ஷாங்காய் ஆலையின் நடைமுறை தெரிய வேண்டும். பல ஆண்டுகள் அங்கே காலாண்டின் முதல் பாதியில் ஏற்றுமதிக்கும், பின்பாதியில் உள்நாட்டுக்கும் கார் செய்தார்கள். காலாண்டு முடிவதற்குள் ஐரோப்பா போன கப்பலும் இறக்கிவிடும், சீன வாடிக்கையாளரும் எடுத்துவிடுவார். கணக்கு முடியும் நாளில் கையில் அதிகம் நிற்காது. மூன்றாவது மாதத்தில் ஏற்பட்ட டெலிவரி நெரிசலும் லாரிக் கட்டணமும் தாங்காமல், 2022-இல் வாராவாரம் எல்லாச் சந்தைக்கும் சமமாகச் செய்யும் முறைக்கு மாறத் தொடங்கினார்கள். மாறும்போது காலாண்டு இறுதியில் கடலில் நிற்கும் கார்கள் கூடும். 2022 மூன்றாம் காலாண்டில் 3,65,923 செய்து 3,43,830 கொடுத்தபோது நின்ற 22,093-க்கு நிறுவனம் சொன்ன காரணம் இதுதான்.

இந்தக் காரணத்தைச் சோதிப்பது எளிது. முறை மாற்றத்தால் இருப்பு ஒரு தடவை ஏறும், பிறகு அந்த மட்டத்திலேயே நிற்கும். அடுத்த காலாண்டில் மேலும் 34,423 ஏறியது. அதற்கடுத்து 17,933. மூன்று காலாண்டு தொடர்ந்து ஏறிய பிறகும் 'கப்பல்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் நம்புவது கடினம். நடுவில், 2023 ஜனவரியில், சீனாவிலும் அமெரிக்காவிலும் விலையை வெட்டியதும் இதையே காட்டியது.

மறுபடி 2024 முதல் காலாண்டுக்கு வருவோம். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையில் புதுப்பித்த மாடல் 3-க்கான ஆரம்பக்கட்ட உற்பத்தி, செங்கடலில் கப்பல்கள் மீது நடந்த தாக்குதல்களால் உதிரிபாகம் தாமதமாகி பெர்லின் அருகேயுள்ள ஆலை நின்றது, அந்த ஆலைக்கு மின்சாரம் கொண்டுபோன கோபுரத்துக்குத் தீ வைத்ததால் மீண்டும் நின்றது என்று மூன்று காரணங்களை நிறுவனம் சொன்னது. மூன்றும் உண்மை. ஆனால் ஆலை நின்றால் குறைய வேண்டியது தயாரிப்பு. காரே செய்யாமல் இருந்ததால் கார் தேங்கியது என்று சொல்ல முடியாதல்லவா? மார்ச் கடைசியில் மட்டும் உற்பத்தி வேகமெடுத்து, அவை கணக்கு முடியும் நாளில் வழியில் நின்றிருந்தால் ஒரு பகுதிக்குப் பொருந்தும். செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றி, நன்னம்பிக்கை முனை வழியே வந்த கப்பல்களையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். 46,561 முழுவதுக்கும் பொருந்தாது.

தீர்ப்பை அடுத்த காலாண்டு சொல்லும். 2024 இரண்டாம் காலாண்டில் தயாரிப்பு 4,10,831, டெலிவரி 4,43,956. இருப்பு 33,125 கார்கள் இறங்கின. 46,561-இல் 13,400 சொச்சம் இன்னும் நின்றது. கரைந்ததும் சும்மா கரையவில்லை. தயாரிப்பையே குறைத்தார்கள், ஏப்ரலில் விலை இறங்கியது, மே மாதம் அமெரிக்காவில் மாடல் ஒய்-க்கு 0.99% வட்டியில் கடன் கொடுத்தார்கள்.

விலை இல்லாமல் தேவை இல்லை

'டிமாண்ட் இருக்கிறதா' என்ற கேள்வியே அரைகுறையானது. இந்த விலைக்கு எத்தனை கார் போகும் என்பதே முழுக் கேள்வி. டெலிவரி ஏறியதைக் காட்டி வாதிடும் யாரிடமும் ஒரு காருக்கு என்ன வருமானம் வந்தது என்று கேளுங்கள்.

கணக்கு இப்படி: மொத்த வாகன வருவாயிலிருந்து மாசுக்கட்டுப்பாட்டு கிரெடிட் (மாசு வரம்புக்குள் வர முடியாத மற்ற கார் நிறுவனங்கள் டெஸ்லாவிடம் வாங்குவது) விற்ற பணத்தைக் கழித்து, டெலிவரியால் வகுக்க வேண்டும். 2022 நான்காம் காலாண்டில் வாகன வருவாய் 2,130.7 கோடி டாலர், கிரெடிட் 46.7 கோடி. மீதியை 4,05,278-ஆல் வகுத்தால் காருக்குச் சுமார் 51,400 டாலர். விலை வெட்டிய 2023 முதல் காலாண்டில் 1,996.3 கோடி, கிரெடிட் 52.1 கோடி, டெலிவரி 4,22,875. காருக்குச் சுமார் 46,000 டாலர். டெலிவரி 17,600 கூடியது. காருக்கு 5,400 டாலர் போனது. இதில் குத்தகை வருமானமும் மென்பொருள் வருமானமும் கலந்திருப்பதால் துல்லியமான விலை என்று எடுக்கக்கூடாது, திசையைத் தெரிந்துகொள்ளப் போதும்.

கிரெடிட்டைக் கழிக்க மறக்காதீர்கள். செலவே இல்லாமல் வரும் பணம் அது, மார்ஜினை, அதாவது லாப விகிதத்தை, அழகாகக் காட்டிவிடும். 2024 முதல் காலாண்டில் வாகன வருவாய் 1,737.8 கோடி, வாகனச் செலவு 1,416.6 கோடி. மொத்த லாப விகிதம் 18.5% வரும். 44.2 கோடி கிரெடிட்டை வருவாயிலிருந்தும் லாபத்திலிருந்தும் எடுத்தால் 16.4%. 2022 கடைசியில் இதே எண் 24.3% இருந்தது, 2025 முதல் காலாண்டில் 12.5%.

விலைப்பட்டியலைப் பார்த்து 'விலை குறையவில்லை' என்று சொல்வதிலும் ஆபத்து இருக்கிறது. குறைந்த வட்டிக் கடன், இலவச சார்ஜிங், இருப்புக் காருக்கு மட்டும் தள்ளுபடி ஆகியவை எல்லாம் பட்டியல் விலையைத் தொடாமலே காருக்கான வருமானத்தைத் தின்னும்.

டாலர் இருப்பில் கார் எவ்வளவு

பேலன்ஸ் ஷீட்டில் 'இன்வென்டரி' 2023 டிசம்பரில் 1,362.6 கோடி டாலர், 2024 மார்ச்சில் 1,603.3 கோடி. பார்த்ததும் அத்தனையும் விற்காத கார் என்று எழுதிவிடுவார்கள். உள்ளே நான்கு பிரிவு இருக்கிறது. 2023 டிசம்பர் கணக்கில் மூலப்பொருள் 539 கோடி, பாதி செய்தவை 201.6 கோடி, முடிந்த பொருள் 504.9 கோடி, சர்வீஸ் உதிரிபாகம் 117.1 கோடி. நமக்கு வேண்டியது முடிந்த பொருள் மட்டும். அதிலும் பழைய கார்களும் மின் சேமிப்பு பேட்டரிகளும் கலந்திருக்கும்.

சரிபார்க்க: அந்தக் காலாண்டில் ஒரு காரின் தயாரிப்புச் செலவு 36,000 டாலருக்குச் சற்று மேல் என்று டெஸ்லா சொன்னது. 96,900 காருக்கு ஏறத்தாழ 350 கோடி. முடிந்த பொருளில் மீதியுள்ள 155 கோடி பழைய கார், பேட்டரி வகையறா. இந்த மீதி திடீரென வீங்கினால் புதிய கார் தேங்கியதாக அர்த்தமில்லை.

பணப்புழக்க அறிக்கையையும் ஒரு பார்வை பாருங்கள். 2024 முதல் காலாண்டில் இருப்பு ஏறியதில் மட்டும் 270 கோடி டாலர் முடங்கியது, கைக்கு வரும் ரொக்கம் 250 கோடி மைனஸில் போனது. தேங்கிய கார் உண்மையில் கடிப்பது இங்கேதான்.

காலாண்டு முடியும்வரை காத்திராமல்

சீனாவின் பயணிகள் கார் சங்கம் மாதாமாதம் ஷாங்காய் ஆலையின் மொத்த விற்பனையை, அதாவது ஆலையிலிருந்து வெளியே போன கார்களின் எண்ணிக்கையை, வெளியிடுகிறது. இதில் ஏற்றுமதியும் அடக்கம் என்பதை மறந்து 'சீனாவில் இத்தனை விற்றது' என்று தலைப்புப் போடுவது வாடிக்கை. 2023-இல் மொத்தம் 9,47,742. உள்நாட்டில் போனது 6,03,664, மீதி 3,44,078 ஏற்றுமதி. உள்நாடு, ஏற்றுமதி பிரிவு வரும்வரை பொறுங்கள். போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். காலாண்டின் முதல் மாதம் சரிவதும் மூன்றாவது மாதம் பொங்குவதும் இயல்பு. சீனப் புத்தாண்டு ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் இடையே நகர்வதால் அந்த இரண்டு மாதங்களைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் கிடைப்பது பதிவு எண்ணிக்கை. நார்வே போன்ற சில நாடுகளில் அன்றாடம் தெரியும், ஒட்டுமொத்த எண்ணை ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் சங்கம் மாதம் ஒருமுறை தரும். 2025 ஜனவரியில் பிரிட்டன், நார்வே எல்லாம் சேர்த்து டெஸ்லா பதிவு 9,945, முந்தைய ஜனவரியைவிட 45% குறைவு. அப்போது நான்கு ஆலைகளிலும் மாடல் ஒய் புதிய வடிவத்துக்கு மாறிக்கொண்டிருந்தது, பல வார உற்பத்தி போனது. ஆகவே ஜனவரியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதியிருக்கக் கூடாது. புதிய மாடல் முழுவீச்சில் வந்த பிறகும் சரிவு நின்றதா? ஆண்டு முழுவதும் சேர்த்தும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது, அதே ஆண்டில் அங்கே மின்கார் சந்தை வளர்ந்தது. ஆலை மாற்றத்தைக் காரணம் காட்ட அதற்குப் பிறகு இடமில்லை.

அமெரிக்காவுக்கு மாத எண் கிடையாது. மாநிலப் பதிவுகளும் தனியார் மதிப்பீடுகளும்தான். மதிப்பீட்டை மதிப்பீடாகவே வேறு நிறத்தில் போட்டுவையுங்கள்.

விற்பனை என்று நிறுவனம் சொல்வதும் பதிவும் ஒன்றல்ல. நம்மூர் உதாரணமே இருக்கிறது. கிருஷ்ணகிரியில் ஆலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக் 2025 பிப்ரவரியில் 25,000-க்கு மேல் விற்றதாகச் சொன்னது, மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான 'வாகன்'-இல் பதிவானது 9,000-ஐக்கூடத் தொடவில்லை. பதிவு செய்து தரும் நிறுவனங்களோடு ஒப்பந்தம் மாறியதைக் காரணமாகச் சொன்னார்கள். முதலீட்டாளர் கவனிக்க வேண்டியது, அந்த இடைவெளி அடுத்தடுத்த மாதங்களில் மூடுகிறதா என்பதையே.

ட்ரோன் படம், வெப்சைட் எண்ணிக்கை

ஆலை மைதானத்தில் நிற்கும் கார்களை வானிலிருந்து எண்ணுவது 2018-இலேயே தொடங்கிவிட்டது. படம் எடுத்த நாள் தெரியாமல் அதற்கு மதிப்பில்லை. காலாண்டின் ஐந்தாவது வாரத்தில் மைதானம் நிறைந்திருப்பது சாதாரணம், கடைசி வாரத்தில் நிறைந்திருந்தால் யோசிக்கலாம். ரயிலுக்குக் காத்திருக்கும் வரிசையும் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரே மைதானத்தை ஒரே வாரநாளில் தொடர்ந்து எடுத்த படங்கள் இருந்தால் மட்டும் பாருங்கள்.

டெஸ்லா தளத்தில் 'உடனடி டெலிவரி' கார்களை எண்ணும் நிரல்களும் நிறைய. ஒரே மாதிரிக் கார்கள் பலவற்றுக்கு ஒரே விளம்பரம் இருக்கலாம். அருகருகே உள்ள இரண்டு ஊர்த் தேடலில் ஒரே கார் இருமுறை வரலாம். மொத்தத்தைவிட, ஒரே மாடலுக்கு இந்த வாரத் தள்ளுபடி எவ்வளவு என்று குறித்துவந்தால் பயன் அதிகம். தளத்தில் காட்டும் காத்திருப்பு வாரங்கள் கூடினால் ஆர்டர் குவிகிறது என்று அர்த்தமாகிவிடாது, ஆலை குறைவாகச் செய்தாலும் கூடும்.

யாரும் அதிகம் பார்க்காத நல்ல ஆதாரம் ரீகால் ஆவணம், அதாவது குறையுள்ள வண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் தரும் அந்தத் தாளில் எத்தனை வண்டி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செய்தவை என்று எழுதியாக வேண்டும். சைபர்டிரக் எண்ணிக்கையை டெஸ்லா தனியாகச் சொல்வதில்லை. 2025 மார்ச்சில் கூரையோரப் பட்டை கழன்றுவிழும் குறைக்காக வந்த ரீகால் 46,096 வண்டிகளைக் குறிப்பிட்டது. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை செய்தவை அத்தனையும் அதில் அடக்கம். ஓராண்டுக்கு மேல் நடந்த ஊகம் ஒரே தாளில் முடிந்தது.

முன்கூட்டியே இழுத்த விற்பனை

மின்கார் வாங்குவோருக்கு அமெரிக்கா கொடுத்துவந்த 7,500 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. மூன்றாம் காலாண்டு டெலிவரி 4,97,099, சாதனை. தயாரிப்பு 4,47,450 மட்டுமே, இருப்பிலிருந்து 49,649 கார்கள் போயின. இருப்பு பத்து நாளாக இறங்கியது. நான்காம் காலாண்டில் 4,34,358 செய்து 4,18,227 கொடுத்தார்கள். முதலாவதை வைத்துத் 'தேவை திரும்பிவிட்டது' என்பதும் இரண்டாவதை வைத்து 'சரிந்துவிட்டது' என்பதும் தவறு. இரண்டையும் கூட்டுங்கள்: 9,15,326. முந்தைய ஆண்டின் அதே அரையாண்டு 9,58,460. குறைவு 4.5%. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று 7.4% ஏற்றம், இன்னொன்று 15.6% இறக்கம். சலுகை முடியும் எந்தத் தேதியிலும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள காலாண்டுகளைச் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

பங்கு விலைக்கு வேறு கணக்கு

எண் வெளியாகும் முன் ஆய்வாளர்களின் சராசரி எதிர்பார்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள், யாருடைய சராசரி, எந்தத் தேதி என்பதோடு சேர்த்து. எதிர்பார்ப்பு இறங்கிவரும் காலத்தில், பழைய மதிப்பீடுகள் கலந்த சராசரி உயரமாக இருக்கும். 2025 டிசம்பர் இறுதியில் டெஸ்லாவே தான் திரட்டிய சராசரியான 4,22,850-ஐத் தன் தளத்தில் போட்டது. ஊடகங்களில் உலவிய எண் அதைவிட அதிகம். வந்த 4,18,227 ஒன்றுக்குச் சிறு ஏமாற்றம், இன்னொன்றுக்குப் பெரிய ஏமாற்றம்.

இத்தனையும் சரியாகக் கணித்தாலும் பங்கு அதே திசையில் போகும் என்று பணம் கட்டாதீர்கள். 2024 ஏப்ரல் 23 அன்று வந்த காலாண்டு முடிவு மோசம், மறுநாள் பங்கு சுமார் 12% ஏறியது. மலிவான மாடல்களை முன்கூட்டியே கொண்டுவருவதாகச் சொன்னதே அதற்குக் காரணம். 2025 அக்டோபர் 2-இல் சாதனை டெலிவரி எதிர்பார்ப்பைத் தாண்டி வந்தது, அன்று பங்கு ஏறக்குறைய 5% இறங்கியது. வரிச்சலுகை முடிந்த பிறகு என்ன ஆகும் என்பதில்தான் சந்தையின் கண் இருந்தது. எக்செல் தாளில் பங்கு விலைக்கும் ஒரு கட்டம் வேண்டுமென்றால் கடைசியில் போட்டுக்கொள்ளுங்கள். இருப்புக் கணக்கின் எந்தச் சூத்திரத்திலும் அதை இணைக்க வேண்டாம்.